முன்னுக்கு இழுத்த சீட்

வண்டிக்குள் உட்காரப் போன நெட்டைக்கு முழங்கால் நேராகப் போய் ஸ்டீரிங்குக்கு அடியில் இடித்தது. இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியை இழுத்து ஒரே தள்ளாகக் கடைசிவரை பின்னால் தள்ளினாள். சாய்மானத்தைச் சரித்தாள். உள்கண்ணாடியை நேராக்கினாள். துணியை நனைத்து டாஷ்போர்டைத் துடைக்க ஆரம்பித்த பிறகுதான் கை தானாக நின்றது. அவள் நேராக்குவதற்கு முன் அந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது? பின்னால் வரும் சாலையை அல்ல. கீழே குனிந்து, பின் சீட்டின் மூலையை. அப்படிக் கண்ணாடியைத் திருப்பி வைத்து வண்டி ஓட்டிய ஒரே ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். அந்த ஆள் போய் இரண்டு வருடம் ஆகிறது.

நெட்டை வேலை பார்த்தது வாடகைக்கு வண்டி விடும் ஒரு கம்பெனியில். டிரைவர் கிடையாது, சாவி கிடையாது. எல்லாம் பேட்டரி வண்டி. வேண்டியவர்கள் போனைக் காட்டிக் கதவைத் திறந்து ஓட்டிப்போய், வேலை முடிந்ததும் நகரத்தின் ஏதாவது ஒரு சார்ஜ் போடும் இடத்தில் விட்டுவிட்டு நடையைக் கட்டலாம். விட்டுவிட்டுப் போனவர்களின் குப்பையை அள்ள நெட்டை மாதிரி ஆட்கள் ஸ்கூட்டரில் பின்னாலேயே வருவார்கள். பாதிப் பேர் வயரைச் செருக மறந்திருப்பார்கள், அதைச் செருக வேண்டும். தரையை உறிஞ்ச வேண்டும், துடைக்க வேண்டும். கடைசியில் 'சீரோ' பண்ண வேண்டும். அதாவது சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, கண்ணாடிகளை நேராக்கி, யாருமே உட்காராத வண்டி மாதிரி ஆக்கிவிடுவது. "முன்னாடி உட்கார்ந்தவங்க வாடையே அடுத்தவங்களுக்குத் தெரியக் கூடாது" என்பார் சூப்பர்வைசர். அவர் தன் பாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் சேர்ந்த புதிதில் நெட்டைக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வேறு எந்த வேலையில் இப்படி மனிதர்களை ஒரே தள்ளில் துடைத்து எறிய முடியும்?

நெட்டை என்று பெயர் வைத்தது அக்காதான். பதிலுக்கு இவள் வைத்தது குட்டை. வீட்டில் இரண்டு பேருக்கும் நிஜப்பெயர் இருப்பதே மறந்துபோகும் அளவுக்கு இந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. சொந்தமாக வண்டி வாங்க வக்கில்லாத வீடு என்பதால் அக்கா இந்தக் கம்பெனி வண்டியைத்தான் எடுப்பாள். சீட்டை அது போகும் மட்டும் முன்னுக்கு இழுத்து, சாய்மானத்தைச் செங்குத்தாக நிமிர்த்தி, ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓட்டுவாள். "பார்த்து, அதைக் கடிச்சுத் தின்னுடாத" என்று அக்காவின் புருஷன், மாமா, கிண்டல் பண்ணுவார். உள்கண்ணாடியை ஏன் இப்படித் திருப்பி வைக்கிறாய் என்று நெட்டை ஒரு தடவை கேட்டதற்கு, "பின்னாடி வர்றவன் அவனே பார்த்து வரட்டும். எனக்கு என் பிள்ளை தெரிஞ்சா போதும்" என்றாள்.

ஒரு நாள் காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போன அக்கா திரும்பி வரவில்லை. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த சார்ஜ் இடத்தில் வண்டி நின்றது. கைப்பை உள்ளே இருந்தது. வயர் ஒழுங்காகச் செருகியிருந்தது. ஆற்றில் ஆள் இறக்கித் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. "சாகப் போறவ வண்டியைச் சார்ஜ்ல போட்டுட்டா போவா?" என்று அம்மா வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.  ஊர் தன் பங்குக்கு அக்காவை வாயில் போட்டு மென்றது. யாரோடோ ஓடிவிட்டாள் என்றது. அப்புறம் மெல்லுவதற்கு வேறு யாரோ கிடைத்தார்கள். அம்மாவும் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நிறுத்தியது மட்டும் இல்லை. கோர்ட்டில் மாமாவுக்கு அக்காவிடமிருந்து விவாகரத்து கிடைத்த கையோடு, "பிள்ளைக்கு ஒரு தாய் வேணும். வேத்து ஆள் வந்து என்ன பார்த்துக்குவா? நீயே அவனைக் கட்டிக்கோ. இப்பவே அது உன்னைச் சித்தின்னுதானே கூப்பிடுது, கூப்பிடுற பேரைக்கூட மாத்த வேண்டியதில்ல" என்று அம்மா சொன்னபோது நெட்டை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ரொட்டி சுடும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பும் மாமாவின் புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். அதைத் துடைத்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கை பரபரக்க ஆரம்பித்து நாளாகிவிட்டது. அந்த வீடு வேண்டும், அந்தப் பிள்ளை வேண்டும், அந்த மனுஷன் வேண்டும். இது தப்பா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்ததும் உண்டு. இல்லை என்றுதான் பதில் வந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக வந்தது. வருகிற மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு.

இந்த நேரத்தில்தான் சீட் முன்னுக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

குட்டையானவர்கள் ஊரில் ஆயிரம் பேர், பிள்ளை பெற்றவர்களும் ஆயிரம் பேர் என்று முதல் நாள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். நாலு நாள் கழித்து, நகரத்தின் வேறு கோடியில், வேறு வண்டியில், அதே சீட், அதே கண்ணாடி. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வாசலில் இன்னொன்று. அந்தச் சீட்டில் கையை வைத்துப் பார்த்தாள். நிழலில் நின்ற வண்டி, ஆனால் இப்போதுதான் ஒருவர் எழுந்து போன மாதிரி வெதுவெதுப்பு.  கம்பெனித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லா வண்டியையும் கண்காணிக்கும் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் அவர் கன்ட்ரோல் அண்ணன். அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரி வாசல் வண்டியைக் கடைசியா எடுத்தது யாருண்ணே? பேர் வேணாம், ஆம்பளையா பொம்பளையான்னு மட்டும் சொல்லுங்க."

"அதை முந்தாநாள் ஒரு பெரியவர் கொண்டுவந்து விட்டாரு. அதுக்கப்புறம் கதவே திறக்கலையேம்மா. ஏன், எதையாவது விட்டுட்டுப் போயிருக்காங்களா?"

"இல்லண்ணே" என்று வைத்துவிட்டாள்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்கா உயிரோடு இருக்கிறாள் என்றால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். செத்துவிட்டாள் என்றால் பயந்து வேலையை விட்டிருக்க வேண்டும். நெட்டை இரண்டையும் செய்யாமல் கம்பியை இழுத்து சீட்டைப் பின்னால் தள்ளினாள். முதல் தடவை பழக்கத்தில் தள்ளியது. இப்போது தெரிந்தே தள்ளினாள். தள்ளும்போதெல்லாம் அக்காவின் முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. கண்ணாடியைத் திருப்பும்போது மட்டும் அதற்குள் பார்க்காமல் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம், மாமா பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று நகக்கண்ணில் இருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருக்கையில், வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"மாமா, அக்கா இருக்கான்னு வைங்க..."

அவர் குழாயை மூடினார். கொஞ்ச நேரம் கையிலிருந்து தண்ணீர் சொட்டுவதையே பார்த்தார்.

"ஏன், எங்கயாவது பார்த்தியா?"

"இல்ல" என்றாள். அது பொய்யில்லை. அவள் பார்த்தது சீட்டைத்தானே.

"இருந்தா பிள்ளைக்காகவாவது வந்திருப்பா" என்றார். மறுபடி குழாயைத் திறந்தார். அவர் குரலில் ஆசை இருந்ததா பயம் இருந்ததா என்று நெட்டைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

அந்த மாதக் கடைசியில் கம்பெனி பழைய வண்டிகளை எடுத்துவிட்டுப் புது வண்டிகளை இறக்கியது. இதில் கம்பி கிடையாது, எல்லாம் மோட்டார். பதிவு செய்தவர் போனோடு பக்கத்தில் வந்தாலே சீட் அவர் அளவுக்குத் தானாக நகர்ந்து தயாராக இருக்கும். அவர் போனதும் தானாகவே சீரோவுக்குப் போய்விடும். மற்ற துடைப்பவர்கள், நம் வேலையில் பாதி போச்சு, நாளைக்கு நம்மையும் அனுப்பிவிடுவார்கள் என்று புலம்பினார்கள். நெட்டைக்கு மட்டும் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. திறக்கிற வண்டியெல்லாம் காலை நீட்டி உட்காரத் தோதாக இருந்தது. ராத்திரி தூக்கம் வந்தது. கையெழுத்துப் போடும் நாளுக்கு என்ன உடுத்துவது என்றுகூட யோசித்தாள்.

அந்த நாளுக்கு முந்தின வாரம் பள்ளி விடுமுறை. அம்மாவுக்கு மூட்டுவலிக்கு வைத்தியம், மாமாவுக்கு வேலை. வேறு வழியில்லாமல் பிள்ளையை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போனாள். கடைசி வண்டி ஒரு பெரிய கட்டடத்தின் மொட்டைமாடி நிறுத்தத்தில் நின்றது. உச்சி வெயில். வெள்ளையடித்த தரையைக் கண் திறந்து பார்க்க முடியவில்லை. ஓரச்சுவரை ஒட்டி அந்த ஒரு வண்டி, வயர் செருகியபடி. குளிர்காற்றைப் போட்டு, "நீ பின்னாடி சமத்தா உட்காரு, சித்தி அஞ்சு நிமிஷத்துல துடைச்சிடறேன்" என்று பிள்ளையை ஏற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

பாதி துடைத்திருப்பாள். அடியில் மெல்ல ஒரு முனகல் கேட்டது. சீட் அவளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தது.

திரையில் இருந்த சீரோ பொத்தானை அமுக்கினாள். சீட் பின்னால் போனது, நின்றது, யோசிப்பது போல ஒரு கணம் சும்மா இருந்தது, மறுபடி முன்னால் வந்தது. திரும்ப அமுக்கினாள். திரும்ப வந்தது. அவசரம் இல்லாமல், அடம் பிடிக்காமல், தன் இடத்துக்குத் தான் வருகிறவர் மாதிரி வந்தது. ஒரு கையால் போனை எடுத்தாள்.

"அண்ணே, மொட்டைமாடி வண்டியை யாரு புக் பண்ணியிருக்காங்க?"

"யாரும் பண்ண முடியாதும்மா, க்ளீனிங்னு பூட்டி வச்சிருக்கேன்" என்றார் கன்ட்ரோல் அண்ணன். அப்புறம், "பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா பாரு. ஆள் கிட்ட வந்துட்டதா காட்டுது" என்றார்.

நெட்டை நாலு பக்கமும் பார்த்தாள். வெயிலும் சுவரும்தான் இருந்தன. அதற்குள் முழங்கால் டாஷ்போர்டில் முட்டி, மார்பு ஸ்டீரிங்கில் அழுந்தியது. கதவைத் திறந்து, உடம்பை ஒடுக்கி, ஒரு காலை உருவி, மறு காலை உருவி வெளியே வந்து விழாத குறையாக நின்றாள்.  அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீட் போகும் மட்டும் முன்னால் போய், சாய்மானம் செங்குத்தாக நிமிர்ந்து, நின்றது.

பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று பின்கதவைத் திறந்தாள். பிள்ளை இடுப்பில் பெல்ட்டை இழுத்துக் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தது.

"இறங்குடா செல்லம், வா."

"பெல்ட் போடலன்னா அம்மா வண்டியை எடுக்க மாட்டாங்க, சித்தி" என்றது, அவளுக்கு ஒரு விஷயமும் தெரியவில்லையே என்கிற குரலில். "நீயும் ஏறிக்கோ."

பிள்ளையின் முகத்தில் பயமே இல்லை. இந்த இரண்டு வருடமும் சோறு ஊட்டி, தலை வாரி, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு, தனக்குத்தான் என்று அவள் நினைத்திருந்த முகம் அது. முன் சீட்டை இன்னொரு தடவை தள்ள அவளுக்குத் தெம்பில்லை. நியாயமும் இல்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அக்கா" என்றாள் முன்னால் பார்த்து.  "மாமாவைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்."

பிள்ளை அவள் கையைத் தொட்டு, உதட்டில் விரலை வைத்தது.

"ஓட்டுறப்ப பேச்சுக் குடுக்கக் கூடாது சித்தி."

வெளியே சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. முன் சீட் அவ்வளவு தூரம் முன்னால் போயிருந்ததால் நெட்டையின் நீளக் கால்களுக்குத் தாராளமாக இடம் இருந்தது. அவள் காலை நீட்டி, பெல்ட்டை இழுத்து, கிளிப்பை மாட்டினாள்.