நகர்த்தப்பட்ட மிதவை

வெள்ளவத்தைக் கடற்கரையில் அன்று இரண்டு கிலோமீற்றர் நீச்சல் போட்டி. கொட்டாஞ்சேனை டெனிஷா போன வருடம் பெண்களில் முதலாவதாக வந்தவள். துறைமுகத்தில் லிகிதர் வேலை; லீவு நாட்களில் கடல்.

முந்திய நாள் கூட்டத்தில் பாதையைத் தெளிவாக விளக்கியிருந்தார்கள். கடலுக்குள் பாறைத் தொடராய்க் கிடக்கும் கற்பாருக்கு உட்புறமாகப் போய், மஞ்சள் மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும். மூன்று காவல் படகுகள் நிற்கும்.

போட்டி தொடங்க ஏழு நிமிடம் இருக்கையில் ஏற்பாட்டாளர் சுந்தரலிங்கம் ஒலிபெருக்கியில் பேசினார். மிதவையைப் பாருக்கு வெளியே நகர்த்தியாயிற்று, எல்லோரும் அதையே சுற்ற வேண்டும் என்றார். கரையோர ஹோட்டலின் மாடியில், போட்டிக்குப் பணம் கொடுத்த அனுசரணையாளர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து பார்க்க வெளிக்கடல்தான் நன்றாகத் தெரியும்.

அந்நேரம் முப்பது பேர் வரை தண்ணீரில் நீந்திப் பழகிக்கொண்டிருந்தார்கள். அலைச் சத்தத்தில் அவர்களுக்குப் பேச்சு எதுவும் விளங்கியிருக்காது. டெனிஷா கரையில் நின்ற காவல் படகுக்காரரிடம் ஓடினாள்.

"மக்கீன் நானா, மிதவை மாறினது தெரியுமா?"

"இல்லயே மகள். நேத்துச் சொன்ன இடந்தான் எங்களுக்குத் தெரியும். மத்த ரெண்டு போட்டும் அங்கதான் நிக்குது."

அவள் திரும்பி வந்து, தொடக்கக் கோட்டில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"டெனிஷா, வரிசைக்குப் போங்கோ" என்றார் சுந்தரலிங்கம்.

"போகமாட்டன் சேர். தண்ணிக்குள்ள நிக்கிற ஆக்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ. போட்காரருக்கும் சொல்லுங்கோ. இல்லாட்டி மிதவையைப் பழைய இடத்தில வையுங்கோ."

"நேரமில்லை. உங்கட பெயரை வெட்டிப்போடுவன்."

"வெட்டுங்கோ."

போட்டிக்கு வந்திருந்த ஜிந்துப்பிட்டி ஜெயராணி ரீச்சர் வந்து அவளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். கரையில் நின்ற மற்ற நீச்சல்காரரும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சுந்தரலிங்கம் ஹோட்டல் மாடியை ஒருமுறை பார்த்துவிட்டு விசிலை ஊதினார்.

தண்ணீரில் நின்றவர்கள் விசிலுக்குப் புறப்பட்டார்கள். பழைய இடத்தில் மிதவையைக் காணாமல் பலர் குழம்பித் திரும்பினார்கள். றமேஷ் என்ற பொடியன் மட்டும் தூரத்தில் மஞ்சளைக் கண்டு பாரைத் தாண்டினான். அங்கே நீரோட்டம் அவனைத் தெற்கே இழுத்தது. மற்ற இரண்டு படகுகளும் பாருக்கு உள்ளேயே நின்றன.

கரையிலிருந்து அவன் கை உயர்ந்ததை டெனிஷா கண்டாள்.

"நானா, எடுங்கோ போட்டை."

மக்கீன் படகைத் தள்ள, அவளும் ஏறினாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது றமேஷ் கால் தசை பிடித்துப்போய், வாயில் தண்ணீர் போகப்போக மிதந்துகொண்டிருந்தான். டெனிஷா குதித்து அவனைப் பின்னாலிருந்து தாங்கினாள். மக்கீன் தோளைப் பிடித்து ஏற்றினார். பிறகு படகைக் கரைக்குத் திருப்பினார்.

போட்டி கைவிடப்பட்டது. இரண்டு வாரத்தில் டெனிஷாவுக்கு நீச்சல் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. போட்டியைக் குழப்பியதற்காக இரண்டு வருடத் தடை.

சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் அவள் எழுந்து நடந்ததைச் சொன்னாள். றமேஷும் மக்கீனும் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். பாதையை மாற்றினால் எல்லா நீச்சல்காரரையும் படகுக்காரரையும் மறுபடி கூட்டிச் சொல்லாமல் விசில் ஊதக்கூடாது என்று விதி நிறைவேறியது. சுந்தரலிங்கமும் கை உயர்த்தினார்.

தடையை நீக்க மட்டும் செயற்குழு ஒரு நிபந்தனை வைத்தது. அவள் மன்னிப்புக் கடிதம் தர வேண்டுமாம்.

"ரெண்டு வருசம்தானே" என்றாள் டெனிஷா. "இருக்கட்டும்."