பல்காஷிலிருந்து வந்த கேள்வி

அல்மாட்டியில் கம்ப்யூட்டருக்குப் புது புராசசர் மாற்ற நினைப்பவர்கள், கடைப்படி ஏறும் முன் எர்கெபுலான் என்ன சொல்லியிருக்கிறான் என்று பார்த்துவிடுவார்கள். கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுப்பதை அவன் தொடமாட்டான். கடைக்காரர்களிடம் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி, பிழிந்து பார்த்து, மனதில் பட்டதை வீடியோவில் சொல்லுவான். பெரும்பாலும் அவன் சொல்வது ஒன்றுதான். "பழசு ஓடுதா? ஓட்டுங்க. இந்த வருஷம் விலைதான் ஏறியிருக்கு, வேகம் ஏறல."

அந்த நவம்பரிலும் அப்படித்தான் சொன்னான். புதிதாக வந்ததை மாட்டினால் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வேகம் கூடுகிறது. ஆனால் அதற்காக மதர்போர்டையும் மெமரியையும் சேர்த்து மாற்ற வேண்டும். "கழுதைக்கு லாடம் அடிக்கக் குதிரை விலையா?" என்று முடித்திருந்தான். படம் பிடிக்கிற வதீம் அதைக் கேட்டுச் சிரித்ததும் அப்படியே பதிவாகிவிட்டது.

மறுநாள் மதியம் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே வதீம் கருத்துகளைப் படித்தான்.

"உன் பல்காஷ் மாமனார் ஆஜர்டா."

"என்ன கேக்கறார்?"

"வேற என்ன கேப்பார்? ஏழு வருஷமா ஒரே பாட்டு."

பல்காஷ் என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து கைரொல்லா என்கிற பெயரில் வரும் கேள்வி அது. ஒவ்வொரு புது புராசசருக்கும் தவறாமல் வரும். "தம்பி எர்கெபுலான், என்கிட்ட இருக்கறது அந்தப் பழைய நாலு கோர் புராசசர்தான். இப்ப மாத்தினா குடுக்கற காசுக்குத் தகுமா?" எர்கெபுலான் ஒரு கையால் முள்கரண்டியைப் பிடித்தபடி மறு கையால் வழக்கமான பதிலைத் தட்டினான். "இன்னும் ஒரு வருஷம் பொறுங்க அண்ணே."

அரை மணி நேரத்தில் அதன் கீழே வேறொருவர் எழுதியிருந்தார். "யாருக்குப் பதில் சொல்றீங்க? கைரொல்லா அண்ணன் ஏப்ரல்லயே தவறிட்டார். நானும் போய் மண் போட்டுட்டு வந்தேன்."

வதீம் படிப்பதை நிறுத்திவிட்டான். எர்கெபுலான் போனை வாங்கி இரண்டு முறை படித்தான். ஏப்ரலுக்கு அப்புறம் ஜூனில் ஒரு கேள்வி வந்திருந்தது. செப்டம்பரில் ஒன்று. அதே எழுத்து, அதே காற்புள்ளி. இரண்டுக்கும் அவன் பொறுக்கச் சொல்லியிருந்தான்.

"எவனோ விளையாடறான். தூக்கிப் போடு" என்றான் வதீம்.

எர்கெபுலானால் தூக்கிப் போட முடியவில்லை. அன்றிலிருந்து அவன் பழைய வீடியோக்களைத் தோண்ட ஆரம்பித்தான். முதல் கேள்வி ஏழு வருஷத்துக்கு முந்தையது. அதற்கும் பொறுங்கள்தான். அடுத்ததற்கும் அதுவேதான். ஒரு வருஷம் மட்டும் "அடுத்தது கண்டிப்பா நல்லா இருக்கும் அண்ணே, நம்புங்க" என்று எழுதியிருந்தான். அதற்குக் கைரொல்லா ஒரு சிரிப்புப் பொம்மை போட்டு, "நீ சொன்னா சரி" என்று பதில் சொல்லியிருந்தார். அவர் யார், அந்தக் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறார் என்று இத்தனை வருஷத்தில் அவன் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

டிசம்பரில் மலிவு ரகம் ஒன்றைப் பற்றிப் பேசினான். வீடியோ வெளியாகி ஒரு மணி நேரம் ஆகவில்லை, கேள்வி வந்துவிட்டது. பட்டப்பகல், ஜன்னலுக்கு வெளியே பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. இருந்தும் அவன் எழுந்துபோய் அறை விளக்கைப் போட்டான். செத்தவர் ஒருவர் எங்கோ ஒரு அறையில் காத்துக்கொண்டிருப்பதாகவும், எழுந்து போக அவருக்கு இவன் உத்தரவு கொடுக்க வேண்டும் என்பதாகவும் தோன்றியது. அதன் பிறகு காமிராவுக்கு முன் வாய் திறந்தாலே அந்த நினைப்பு வந்து, சொல்ல வந்தது மறந்துபோனது. வதீம் மூன்று தடவை படப்பிடிப்பை நிறுத்தினான்.

கடைசியில் எர்கெபுலான் எழுதினான். "எதுக்காக மாத்தணும்? அதுல என்ன வேலை செய்றீங்க?"

இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் ஒரு முகவரி வந்தது. கூடவே, "வந்து பார்" என்று இரண்டே சொல்.

"போகாதே. பைத்தியமா உனக்கு?" என்றான் வதீம்.

"போகாம இருந்தாத்தான் பைத்தியம் பிடிக்கும்."

சோதனை அலமாரியிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முந்தைய நடுத்தர ரகப் புராசசர் ஒன்று, அதற்கேற்ற போர்டு, மெமரி எல்லாவற்றையும் கம்பளிச் சட்டைக்குள் சுற்றிப் பையில் வைத்தான். அந்தப் புராசசரைத்தான் அவன் ஒரு வீடியோவில், "இதை வாங்கறவன் தலையில தொப்பி இருக்கும், மூளை இருக்காது" என்று கிண்டல் செய்திருந்தான். காலைப் பேருந்தில் கிளம்பி, உறைந்த ஏரியை ஒட்டியே போய், பல்காஷில் இறங்கும்போது தாமிர ஆலைப் புகைபோக்கிகளின் பின்னால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தவள் அறுபது வயதுப் பெண்மணி, தலையில் வெள்ளைத் துணி. அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படத்துல இன்னும் கொஞ்சம் சதையா இருப்பே. வா, உள்ள வா, குளிர் ஏறுது."

"அம்மா, அந்தக் கேள்வி எழுதறது…"

"நான்தான். ஜெய்னெப், அவர் பெண்டாட்டி. முதல்ல டீயைக் குடி."

பால் டீயும், எண்ணெயில் பொரித்த பவூர்சாக் ரொட்டியும் வைத்தாள். புகையிட்ட மீனை எலும்பு நீக்கி அவன் தட்டில் போட்டாள். அவன் ஒரு வாய்கூட விழுங்கவில்லை.

"ஏம்மா அவர் பேர்லயே எழுதினீங்க?"

"எனக்கு அந்த மிஷின் பாஷை தெரியுமா? அவர் நோட்டுல எழுதி வச்சிருந்தார். அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். ஆஸ்பத்திரியில சொன்னார், 'எப்ப மாத்தணும்னு அந்தத் தம்பி சொல்லுவான், அவன் சொன்னதும் மாத்தி அந்தப் படத்தை முடிச்சுடு'ன்னு. நான் கேட்டேன். நீ பொறுங்கன்னே. சரி, தெரிஞ்சவன் சொல்றான்னு பொறுத்தேன்."

அவள் குரலில் குற்றம் சொல்கிற சாயலே இல்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரவு அங்கேயே படுக்க வைத்து, மறுநாள் காலை அவருடைய அறையைக் காட்டினாள். மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர், மேலே மடித்த துண்டு. கைரொல்லா முப்பது வருஷம் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் ஒரு ட்ரோன் வாங்கிக் கொடுத்தார்கள். அதைத் தலைக்கு மேலே பறக்கவிட்டு, நிலையத்திலிருந்து ஏரிக்குள் நீளும் முனை வரைக்கும் கரையோரமாகவே நடந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள் எடுத்திருந்தார். எல்லாவற்றையும் தைத்து ஒரே படமாக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இயந்திரம் மூன்று நாள் முக்கி, மூன்றாம் நாள் மூச்சை விட்டுவிடும்.

"எத்தனை தடவை ஓட்டினார்?"

"பதினாறு. நின்னு போனா ஏரிக்கரைக்குப் போயிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வருவார். ஒண்ணும் பேச மாட்டார்."

எர்கெபுலான் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு தூசி இல்லை. விசிறியின் ஒவ்வொரு இதழும் துடைத்திருந்தது. பழையதைக் கழற்றி, தான் கொண்டுவந்ததை மாட்டி, படங்களைக் கொடுத்து ஓடவிட்டான். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது மாலை நாலு மணிக்கு முடிந்தது. ஏழு மணி நேரம்! அவன் கிண்டல் செய்த சரக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்பே மாற்றச் சொல்லியிருக்கலாம். அதற்கு முந்தைய தலைமுறையே இந்த வேலைக்குப் போதும்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன்மா. அப்பவே தகுந்திருக்கும். என்ன வேலைன்னு நான் கேக்கவே இல்ல."

ஜெய்னெப் அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. அவள் திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். மஞ்சள் மண்ணும், வெள்ளை உப்பும், நீலத் தண்ணீருமாகக் கரை நீண்டு கிடந்தது.

"இது யாரு?" என்றாள்.

கரையோரத்தில் கறுப்புக் கோட்டு போட்ட ஆள் ஒருவர், மேலிருந்து பார்க்கக் கட்டைவிரல் அளவில். சற்றுத் தள்ளி அதே கோட்டு. அதற்கப்பால் இன்னொன்று. ட்ரோனுக்குக் கீழே நடந்த கைரொல்லாவை ஒவ்வொரு படமும் பிடித்திருந்தது. தைத்தபோது அவரை அழிக்க இயந்திரத்துக்குத் தெரியவில்லை. நிலையத்திலிருந்து முனை வரைக்கும் ஒரே மனிதர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். சில இடங்களில் முழுசாக, சில இடங்களில் இடுப்புக்கு மேலே மட்டும், ஓரிடத்தில் ஆளே இல்லாமல் நிழல் மாத்திரம்.

எர்கெபுலான் அவசரமாக மவுஸைப் பிடித்தான். "அம்மா, வேணும்னா நான் இதையெல்லாம் எடுத்துடறேன்…"

"கையை வச்சே, பார்!"

அவள் விரலால் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு போனாள். உதடு அசைந்தது. முனைக்குச் சற்று முன்னால் நிறுத்தினாள். அங்கே அவர் ஒரு கல்லின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"உட்கார்ந்திருக்கார் பாரு. அப்பவே முடியலை போல. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லலையே." திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள், "முகம் தெரியுமா? பெரிசு பண்ணேன்."

அவன் பெரிதாக்கினான். கோட்டு கறுப்புச் சதுரங்களாக உடைந்தது. இன்னும் பெரிதாக்கியதும் எது கல், எது ஆள் என்று தெரியவில்லை.

"வேணாம், வேணாம்" என்றாள் அவசரமாக. "பழையபடி சின்னதா வை."