ஒரு சம்படத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம்

"நீ இந்தப் பக்கம் உக்காரு பூரணம். ஜன்னல் பக்கம் காத்து அடிக்கும். உனக்குத் தலைவலிக்கும்."

"சரிங்க."

கல்யாணமான நான்காம் நாள், குற்றாலம் போகிற பஸ்ஸில் பூரணத்துக்கும் அவள் கணவன் கனகசபைக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். அந்தச் 'சரிங்க'வுக்குப் பதிலாக வந்திருக்க வேண்டிய வாக்கியத்தைப் பூரணம் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அதை ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள்.

இருபத்தோரு வருடம் ஆயிற்று. சம்படம் இப்போது நான்கு கிலோ இருந்தது. தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை தானாகவே நகர்ந்து அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டது.

இருபது வருடத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருக்கும் பேச்சு, அபாயப் பொருள் பட்டியலில் வரும். பொதுமக்களைக் கேட்காமல் திறக்கக் கூடாது. அவர்கள் வேண்டாம் என்றால் சிமெண்ட் பூசி ஆற்றுப் பாலத்துக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே முந்நூற்றுப் பன்னிரண்டு சம்படங்கள் இருந்தன. பாலத்தைத் தாங்குவதே அவைதான் என்று பேச்சு.

பூரணத்துக்கு இதைப் பாலத்திடம் விட மனமில்லை. நாளை மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். எட்டு மணி நேரப் பயணம்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. கேசரி உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்ததால் ஊரே வந்திருந்தது. மேடையில் இடர் அலுவலர் ஜெபமணி அம்மாவும் பக்கத்தில் பூரணமும் உட்கார்ந்திருந்தார்கள். சம்படத்துக்கும் ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில். முதல் வரிசையில் கனகசபை. அவர் மடியில் பூரணத்தின் கைப்பை. கூட்டத்தில் யாராவது எடுத்துவிட்டால்?

"உள்ள இருக்கறது என்னன்னு சொன்னாத்தானே கருத்துச் சொல்ல முடியும்?" என்றார் தையல்கடை சுடலைமுத்து.

"என்னன்னு சொல்லிட்டா அது வெளிய வந்துரும்," என்றார் ஜெபமணி. "வெளிய வந்தப்புறம் கருத்து எதுக்கு?"

நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அப்ப நான் எதுக்கறேன்," என்றார் சுடலைமுத்து. "போன வருஷம் எங்க தெருவுல ஒரு மருமக இப்படித்தான் ஒண்ணச் சொன்னா. மூணு வீட்டு ஓடு பறந்துட்டு."

"அப்படி என்ன சொன்னா?"

"குழம்புல உப்பு கூடன்னு."

ஆட்சேபணை பதிவாயிற்று. உடனே மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் புதிதாக ஒரு வரிசை நாற்காலி முளைத்தது. மண்டபம் அந்த அளவுக்கு நீண்டது. விதி அப்படி. ஓர் ஆட்சேபணைக்கு ஒரு வரிசை.

ஆட்சேபணைகள் நிறைய வந்தன. ஒருவர் தன் கோழிகள் முட்டையிடாமல் போகும் என்றார். இன்னொருவர் கேசரியில் முந்திரி இல்லை என்றார். அதுவும் பதிவாயிற்று. கனகசபை பின்னால் போய்க்கொண்டே இருந்தார். முதலில் அவருடைய மீசை தெரியாமல் போயிற்று. பிறகு முகம். கடைசியில் ஒரு வெள்ளைச் சட்டை, எள்ளளவு. அந்த எள் கையைத் தூக்குவது பூரணத்துக்கு மட்டும் தெரிந்தது.

"அம்மா, அவுக ஏதோ சொல்லணுமாம்," என்றாள்.

கனகசபை சொன்னது வாய் வழியாக, வரிசை வரிசையாக மேடைக்கு வந்தது. வர நாற்பது நிமிடம் பிடித்தது. ஒரு சொல்லும் மாறவில்லை. இத்தனை பேர் வாயில் புகுந்தும் மாறாதது இந்த ஊரில் இதுவே முதல் தடவை என்று குறிப்பேட்டில் எழுதினார்கள்.

"எதுவா இருந்தாலும் அவ சொல்லட்டும். ஆனா அவளுக்குத் தலைவலிக்காம பாத்துக்கோங்க."

ஜெபமணி பேனாவைக் கீழே வைத்தார். "தலைவலியா? அதை யாரு முடிவு பண்ணுனா?"

கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். கோப்பில் குற்றாலம் பஸ் டிக்கெட் இரண்டு இருந்தன. இடர்: தலைவலி. முடிவெடுத்தவர்: கணவர். பாதிக்கப்படுபவரின் கருத்து என்ற கட்டம் காலியாக இருந்தது.

"உங்கள யாரும் கேக்கலையாம்மா?"

"கேக்கலம்மா. நானும் சொல்லல."

"இப்பக் கேக்கறேன். உங்களுக்குத் தலைவலி வருமா?"

பூரணம் யோசித்தாள். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"தெரியாதும்மா. ஒரு தடவகூட உக்காந்து பாத்ததில்ல."

சுடலைமுத்து மூக்கை உறிஞ்சினார். முதலில் அவர் கைதான் உயர்ந்தது. பிறகு வரிசை வரிசையாகக் கைகள் உயர்ந்துகொண்டே போயின. கோழிக்காரர் இரண்டு கையும் தூக்கினார். ஒன்று கோழிகளுக்காம்.

அனுமதி கிடைத்தது. இன்று பொழுது சாய்வதற்குள் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

மேடைக்கும் கனகசபைக்கும் நடுவில் இப்போது பதினோரு கிலோமீட்டர். நல்லவேளையாக ஏழாம் நம்பர் டவுன் பஸ் அந்த வழியாகத்தான் போயிற்று. நாற்காலிகளுக்கு நடுவே வந்து மேடையருகில் நின்றது. பூரணம் சம்படத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே மணல் வாளியோடு சுடலைமுத்து ஏறினார்.

கனகசபை ஏற்கெனவே பஸ்ஸில் இருந்தார். கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்க முடியாமல், அந்தக் கோடியிலேயே ஏறி அவளைப் பார்க்க வந்திருந்தார். இறங்கினால் இடம் போய்விடும் என்று இறங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் அவளுக்காகத் துண்டு போட்டிருந்தார். மூன்று பேரோடு சண்டையும் போட்டிருந்தார்.

"வா பூரணம், வா. உனக்குத்தான் புடிச்சு வச்சிருக்கேன்."

பூரணம் துண்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. காற்று அந்த நரையைத்தான் கலைத்துக்கொண்டிருந்தது.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். சுடலைமுத்து ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டார். பூரணம் சம்படத்தைத் திறந்தாள்.

"என்னங்க, கொஞ்சம் எந்திரிங்க. ஜன்னலோரம் நான் உக்காரணும்."