பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

பயிற்சி முடித்த மனநல ஆலோசகர்களுக்கு மார்க் போடுவது அவள் வேலை. அவர்கள் நோயாளியோடு பேசிய ஒலிப்பதிவைக் கேட்டு, தாளிலுள்ள பன்னிரண்டு கட்டங்களில் டிக் போட வேண்டும். சொல்லிக்கொடுத்த வரிசைப்படி பேசினால் டிக். தாளைத் தயாரித்தவளும் அவள்தான்.

அன்றைய பதிவில் ஆலோசகப் பெண் கிளிப்பிள்ளை மாதிரி ஒன்றையும் விடவில்லை. நடுவில் நோயாளி சொன்னார்: "நாயை அக்கா வீட்டுல விட்டுட்டேன். இனிமே அவங்களே பாத்துக்கட்டும்."

"சரிங்க. எழுதிட்டு வரச் சொன்னேனே, எழுதினீங்களா?"

அவள் பதிவை அங்கேயே நிறுத்தினாள். ஆசையாக வளர்த்ததை ஒப்படைத்துவிட்டு வருகிறவர் சாவுக்குத் தயாராகிறவராக இருக்கலாம் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆலோசகப் பெண் ஏன் என்று கேட்கவே இல்லை. பதிவு மூன்று மாதம் பழையது. அந்தப் பெண்ணுக்கே போன் போட்டாள்.

"அவர் திரும்ப வந்தாராம்மா?"

"இல்ல மேடம். அவரோட அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். நாய் இருக்கு. அவர்தான் இல்ல."

"நாயைப் பத்தி ஏன் கேக்கல?"

"வாய் வரைக்கும் வந்துச்சு மேடம். வரிசை மாறினா மார்க் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க."

அவள் தாளைப் பார்த்தாள். அதன்படி அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை.