கன்னம் சிவக்க ஐவி சொன்ன வழி

1

இது கதையாக எழுதப்பட வேண்டியதே அல்ல. எங்கள் கல்லூரிச் சஞ்சிகையில் 'மங்கையர் பகுதி' என்று ஒரு பக்கம் உண்டு. இந்த முறை அதில் முக்கால் பக்கத்தைக் கத்தரிக்காய்ப் பிரட்டல் எடுத்துக்கொண்டது. மிச்சக் கால் பக்கத்துக்குத் தொழில்முறை ஒப்பனைக்காரர் ஒருவரின் அழகுக் குறிப்புகள் வேண்டும் என்று சஞ்சிகை ஆசிரியன் இக்னேசியஸ் என்னிடம் சொன்னான்.

"எதுக்கு என்கிட்ட கேக்கிற?"

"மத்தவனுக்கெல்லாம் வேலை இருக்கு."

அட்டன் நகரில் எனக்குத் தெரிந்த ஒப்பனைக்காரர் எவரும் இல்லை. ஆகவே ஒருத்தியை உண்டாக்கினேன். ஐவி என்று பெயர் வைத்தேன். நாற்பது வயது கொடுத்தேன். குறிப்புகளைச் சொல்லிவிட்டுப் போவாள் என்று பார்த்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வட்டவளைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டாள். குறிப்பு வேண்டுமென்றால் நானும் பின்னால் போகவேண்டியிருந்தது.

(வட்டவளையில் ஐவி என்ற பெயரில் யாராவது இருந்தால், அவர் இவர் இல்லை. அவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

2

தொடக்கம் சரியாக வரவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

பனி போர்த்திய மலைமுகடுகளின் இடையே கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி

அதோடு விட்டுவிட்டேன். அது ஆனி மாதம். வட்டவளையில் ஆனி மாதம் கரத்தை நீட்டினால் நனையும், கதிரவனாக இருந்தாலும்.

பிறகு இப்படி:

பெண்ணுக்கு அழகு புறத்தில் இல்லை, அகத்தில்தான்

இதையும் விட்டேன். இது உண்மையானால் ஐவிக்குப் பிழைப்பு ஏது?

மூன்றாவது தொடக்கம் அவள் பெட்டியிலிருந்து வந்தது. அது தகரப் பெட்டி. ஐவி ஒரு காலத்தில் பெரிய துரை பங்களாவில் ஆயாவாக இருந்தாள். துரையின் மனைவி துரைசாணிக்குக் கிளப்பில் நாடகம் போடும் பைத்தியம். ராணியாகவும் சூனியக்காரியாகவும் அவள் மாறி மாறி வேஷம் போட்டபோது கண்ணாடி பிடித்தவள் ஐவி. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த சூட்டோடு துரை சீமைக்குக் கப்பலேறினார். துரைசாணி நாயைக் கொண்டுபோனாள், பெட்டியை ஐவிக்கு விட்டுப்போனாள்.

அன்றிலிருந்து மூன்று ஊர்களில் மணப்பெண்ணுக்கு ஒப்பனை என்றால் ஐவிதான். அவளுக்கு அதில் அடக்கம் எதுவும் கிடையாது. "நான் தொடாத பொண்ணு பொண்ணே இல்ல" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்லுவாள்.

ஒரே ஒரு குறை. பெட்டியில் கன்னத்துக்குச் சிவப்பேற்றும் ரூஜ் டப்பா காலியாகிப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் ஐவி ஒவ்வொரு கல்யாணத்திலும் அதைத் திறப்பாள், தூரிகையை உள்ளே சுழற்றுவாள், பெண்ணின் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். "பாத்தியா, எப்பிடிச் செவந்திருச்சு" என்பாள். பெண்ணும் வெட்கத்தில் சிவந்துவிடும். (இந்தக் காலி டப்பா முறை எங்கள் வகுப்பில் நடக்கும் அரையாண்டுப் பரீட்சைக்கும் பொருந்தும். விரிவாக எழுத இடமில்லை.)

3

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பரா, ஒரே அறை. மணப்பெண் பூரணி விடியலில் மலை ஊற்றிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா மீனம்மா வெற்றிலைப் பையோடு பக்கத்தில். இனி குறிப்புகள். இக்னேசியஸ் இவற்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

"மொதல்ல மூஞ்சியப் பாக்காத, வெளிச்சத்தப் பாரு" என்று ஐவி பெண்ணை வாசல் பக்கம் திருப்பினாள். "குப்பி லாம்புக்குப் பவுடர் போட்டா, வெளிய போனதும் மாவு மில்லுல வேலை செஞ்ச ஆளு மாதிரி இருக்கும்."

"பவுடர நேரா மூஞ்சியில கொட்டாத. உள்ளங்கையில போட்டுத் தேச்சு, அது கையில இருக்கிறதே மறந்துபோன பெறகு கன்னத்துக்குக் கொண்டு போ."

"கழுத்த விட்டுறாத. மூஞ்சி நுவரெலியாவுலயும் கழுத்து வட்டவளையிலயும் இருக்கப்படாது. ரெண்டும் ஒரே பஸ்ஸுல வரணும்."

துரைசாணியின் பவுடர் ரோஜா நிறம். நம் முகத்தில் போட்டால் அடுப்புச் சாம்பல். அதற்கு ஐவி ஒரு வழி கண்டிருந்தாள். பவுடரில் சலித்த மஞ்சளைக் கலந்துவிடுவாள். முகத்தில் போட்டால் முகம் முகமாகவே இருக்கும், கொஞ்சம் விசேஷமாக. இந்த மஞ்சளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். ஐவி மறந்துவிடப் போகிறாள்.

"கண்ணுக்கு மை போடையில மேல பாத்துக்கிட்டு எதையாச்சும் நெனை."

"எதை நெனைக்க?"

"மாப்பிள்ளைய நெனைக்காத. சிரிச்சிருவ. மை வழிஞ்சிரும்."

பூரணி அப்போதே சிரித்துவிட்டாள்.

4

இங்கே ஒரு சந்தேகம். பூரணி எதற்காக இந்த மாப்பிள்ளையைக் கட்ட வேண்டும்? நான் முதலில் எழுதியதில் வீட்டார் பார்த்த வரன், அவ்வளவுதான். எழுதிப் பார்த்தபோது பெண் பலகையில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அடித்துவிட்டு, அவளையே ஐவியிடம் சொல்லவிட்டேன்.

"கொழுந்து நிறுக்கிற எடத்துல நல்ல மழைக்கா. அவரு ஓடியாந்து என் கூடை மேல சாக்கைப் போட்டாரு. எனக்குப் போடல. நான் நனைஞ்சுக்கிட்டே நின்னேன்."

"நல்ல மாப்பிள்ளைதான்."

"மறுநாளு வந்து, 'நேத்து ஒன்னயும் மூடியிருக்கணும், பதட்டத்துல கொழுந்தத்தான் பாத்தேன்'ன்னாரு. அதுக்கப்புறம் எனக்கு வேற யாரையும் புடிக்கல."

மாப்பிள்ளை சின்னராசா. தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவள் அத்தை பேச்சியம்மா. அவள் வேண்டாம் என்றால் மேளம் நின்றுவிடும். சகுனம் பார்ப்பதில் பேச்சியம்மாவுக்கு இணை கிடையாது. முன்பு பார்த்த ஒரு பெண்ணைத் தும்மலுக்காகத் தள்ளினாள். இன்னொருத்தியை விளக்கு அணைந்ததற்காக. (லயத்தில் கதவைத் திறந்தால் விளக்கு அணையும். அதற்குக் காற்று என்று பெயர்.)

"கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு மேல ரத்தம் பட்டா, வந்த வழியே திரும்பிருவேன்னு அந்தம்மா சொல்லியிருக்கு" என்றாள் மீனம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே.

"ரத்தம் எங்கிட்டுருந்து வரப்போகுது?" என்றாள் ஐவி.

5

அட்டை அப்போதுதான் விழுந்தது.

பீலியிலிருந்து வரும் வழியில் ஏறி, கூந்தலுக்குள்ளேயே இருந்து, காதோரம் கன்னத்தில் வயிறு நிறையக் குடித்துவிட்டு, நாவற்பழம் போலப் பூரணியின் மடியில் விழுந்தது. கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. அட்டை கடித்த இடம் இலேசில் நிற்காது. மலையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐவி பஞ்சால் ஒற்றினாள். வந்தது. பவுடர் வைத்தாள். பவுடரைத் தாண்டி வந்தது. வெளியே மழைக்குள் மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையைக் கோயிலில் விட்டுவிட்டு, பேச்சியம்மா பெண்ணைப் பார்க்க லயத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

ஐவி மீனம்மாவின் வெற்றிலைப் பையைப் பிடுங்கி, சுண்ணாம்பை விரலில் எடுத்துக் கடிவாயில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு. இது மலையில் எல்லாருக்கும் தெரியும்.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆரத்தித் தண்ணீரை அப்படித்தான் கரைக்கிறோம். தெரிந்ததெல்லாம் வேண்டிய நேரத்தில் ஞாபகத்துக்கு வந்துவிட்டால் கதை எழுதுகிறவர்கள் என்ன செய்வார்கள்?

குளித்த மஞ்சள், பவுடரில் கலந்த மஞ்சள், இரண்டும் சேர்ந்து பூரணியின் இடக் கன்னம் செம்பருத்தியாகச் சிவந்தது.

"என்னாக்கா பண்ணிப்புட்டீங்க" என்றாள் பூரணி, கண்ணாடியைப் பார்த்து. "அந்தம்மா இப்பத் திரும்பிப் போயிரும். அவரும் கூடவே போயிருவாரு. அத்தைய மீறி அவரு நிக்கமாட்டாருக்கா."

"அழுவாத. மை ஓடிரும்."

கழுவினால் ரத்தம். கழுவாவிட்டால் ஒரு கன்னம் சிவப்பு, ஒரு கன்னம் மஞ்சள். ஐவி அந்த முகத்தை மறுபடி வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு தன் வாழ்நாளில் முதன்முறையாக ரூஜ் டப்பாவைத் திறக்காமல் மூடியே வைத்தாள். விரல் நுனியில் கடுகளவு சுண்ணாம்பு எடுத்து, நிறையத் தண்ணீரில் கரைத்து, "கொஞ்சம் சிரி புள்ள" என்றாள். அழுகைக்கு நடுவே பூரணி சிரித்தாள். கன்னம் எங்கே மேடாக எழுந்ததோ அங்கே, வலப்பக்கமும் தொட்டு, ஓரங்களைத் துணியால் ஒற்றிக் கரைத்தாள்.

ஐந்தாவது குறிப்பு: சிரிக்கச் சொல், மேட்டில் போடு, இரண்டு பக்கமும் ஒன்றாகப் போடு. (சுண்ணாம்பு எரியும். வாசகிகள் செய்துபார்க்க வேண்டாம். மீறிச் செய்தால் கடிதங்களை இக்னேசியஸுக்கு எழுதவும்.)

துரைசாணி பெட்டியில் ஒருகாலமும் இல்லாத சிவப்பு அது. ஐவிக்குத் தன் கையைப் பார்க்கவே பெருமையாக இருந்தது.

6

பேச்சியம்மா உள்ளே வந்தாள். எல்லாரையும் விட்டுக் கன்னத்தைப் பார்த்தாள்.

"இது என்னா செவப்பு?"

ஐவி வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். பொய் சொன்னால் சனிக்கிழமை சாமியாரிடம் போய் ஒப்பிக்க வேண்டும். அதனால் கொஞ்சம் யோசித்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அதற்கு என்ன பெயர்?

"குங்குமங்கம்மா."

"கன்னத்துலயா?"

"துரைசாணிமாரு கன்னத்துலதான் செவப்பு வப்பாங்க."

பேச்சியம்மா அதை எடைபோட்டாள். குங்குமம் மங்கலம். கன்னத்தில் குங்குமம் இருக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்த எந்தச் சகுனத்திலும் இல்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இடக் கன்னத்தின் குங்குமத்துக்குள்ளிருந்து ஒரு துளி மெல்ல எழுந்து, தாடை ஓரத்துக்கு இறங்கத் தொடங்கியது.

இந்த இடத்துக்கு நான் எழுதிய முடிவுகள்:

முதலாவது. பேச்சியம்மா அலறுகிறாள், மேளம் நிற்கிறது, பூரணி மழையில் தனியாக நிற்கிறாள். சோக முடிவுக்கு எங்கள் சஞ்சிகையில் நல்ல மரியாதை உண்டு. ஆனால் மூன்றாம் பகுதியில் சிரித்த பெண் இப்போது என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது. சின்னராசா பாய்ந்து வந்து தன் துண்டால் துடைத்து

முடியாது. அவன் கோயிலில் இருக்கிறான். வந்தாலும் பதட்டத்தில் முதலில் கூடையைத்தான் மூடுவான்.

மூன்றாவதை நான் எழுதவில்லை, ஐவி செய்தாள். துளியைப் பார்த்துத் தலை குனிந்தவள் கண்ணில் பேச்சியம்மாவின் கால் பட்டது. மழைக்கு லொறி ஏறாததால் மாப்பிள்ளை வீட்டார் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் வந்திருந்தார்கள். பேச்சியம்மாவின் விரலிடுக்கில் கொழுத்த அட்டை ஒன்று. குதிகாலிலிருந்து வாசல்வரை சிவப்புச் சொட்டுகள்.

ஐவி மண்டியிட்டாள். அட்டையைச் சுண்ணாம்பால் தொட்டு உதிர்த்தாள், கடிவாயில் பஞ்சை வைத்தாள், மேலே பவுடரைப் போட்டாள். உள்ளங்கையில் தேய்த்துத்தான் போட்டாள். காலாக இருந்தாலும் தொழில் தொழில்தான்.

"என்னா பண்ற?"

"சும்மா கொஞ்சம் மேக்கப்புங்கம்மா. கல்யாண வீட்டுக்காரங்கல்ல."

பேச்சியம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். வாசல்வரை போன சொட்டுகளைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணுக்கு நேரே பூரணியின் தாடை. துளி அங்கேயே நின்றது. மீனம்மா வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். பேச்சியம்மா முந்தானை நுனியைக் கையில் எடுத்தாள், வாயைத் திறந்தாள்.

7

ஐவியின் ஆறாவது குறிப்பை மறந்துவிட்டேன். பெட்டியை மூடும்போது சொன்னாள்: "போதும்னு தோணுறதுக்கு ஒரு தட்டு முன்னாடியே கைய எடுத்துரணும். மிச்சத்தப் பாக்கிறவங்க போட்டுக்குவாங்க."

ஆகவே கையை எடுக்கிறேன். முந்தானை உங்கள் கையில். பேச்சியம்மா சொல்லப்போவதையும் நீங்களே எழுதிக்கொள்ளலாம். பெரிய சகுனக்காரியாக ஒரு வார்த்தை சொல்லவைத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பவும் உங்களுக்கு உரிமை உண்டு.

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒருமுறை குனிந்து உங்கள் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.