ஐந்தாவது கட்டம்

பேராசிரியர் வருகிற நாளாயிற்றே என்று பூமிநாதன் அன்றைக்கு வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியே கடலுக்குள் இறங்கினான். அந்த ஒரு மணி நேரம்தான் அவன் குடியைக் கெடுத்தது.

வேதாளைக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் பாறைத் திட்டு ஒன்று கிடக்கிறது. அதில் கஞ்சிப்பாசி முளைக்கும். பெண்கள் அதைக் கையால் பறித்துக் காயவைத்து, சீனி முகம்மது மொதலாளியிடம் எடை போட்டுக் கூலி வாங்குவார்கள். அந்தத் திட்டில் முழச் சதுரமாக ஐந்து கட்டங்களுக்கு இரும்பு முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தான் பூமிநாதன். ஏப்ரலில் ஐந்தையும் வழித்து மொட்டையாக்கினான். பிறகு மாதம் ஒருமுறை, திரும்ப வளர்ந்ததைப் பறித்து எடை போட வேண்டும். எத்தனை நாளில் எவ்வளவு வளர்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

அது அறுபத்துநாலாம் வருசம். மதுரையில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தான். பேராசிரியர் குருநாதன் டெல்லிக்கு எழுதிப்போட்டு வாங்கித் தந்த கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை, இரண்டு மாதத்துக்கு. அறிக்கை திருப்தியாக இருந்தால் மூன்றாம் ஆண்டுப் படிப்புச் சம்பளத்தையும் அந்த நிதியே கட்டிவிடும். இல்லாவிட்டால் முதுகுளத்தூர்ப் பக்கம் அய்யாவோடு கரிமூட்டம் போட வேண்டியதுதான். அய்யா பொன்னுச்சாமி அதை ஒளித்து மறைத்துப் பேசவில்லை. "அவுக கட்டுனாப் படி. இல்லையா, அருவா இருக்கு, கருவேலங்காடு இருக்கு."

திட்டை நெருங்கியபோது அங்கே இருளம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பாசி பறிக்கும் பெண்களில் ஒருத்தி; கயிறு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அவன் வைத்த ஆள்; நாளுக்கு அரை ரூபாய். இடுப்பிலிருந்த ஓலைப்பெட்டியிலிருந்து தேங்காய்ப் பருமனுள்ள கல் ஒன்றை எடுத்தாள். கல்லின் தலையில் பாசி சடைசடையாகத் தொங்கியது. குனிந்து அதைக் கயிற்றுக்குள் பதமாக இறக்கினாள்.

"என்னக்கா செய்யிற?"

அவள் திடுக்கிடவில்லை. "வந்துட்டியா தம்பி? பெரிய சாரு வாராகல்ல இன்னைக்கு. அதான் கீழப்பக்கத்துத் திட்டுலருந்து நல்ல கல்லாப் பாத்துக் கொண்டாந்தேன்."

"எதுக்கு?"

"நல்லாக் கேட்ட போ. எடை நிக்கணும்ல?"

"போன மாசம்?"

"போன மாசமும் நாந்தேன். நீ வழிச்சுவிட்டுப் பத்து நாளு கழிச்சு வந்து பாக்குறேன், முடியெறக்குன தலையாட்டம் கெடக்கு. இந்த லட்சணத்துல எடை போட்டா புள்ளைக்குப் பணத்தப் பிடிச்சுருவாகளேன்னு கல்லத் தேடிப் போனேன். நீயோ வாயில்லாப் பூச்சி."

"அஞ்சாவது கட்டத்துலயும் வச்சியா?"

"அது திட்டோட ஓரம், கழுத்தாழம். கல்லச் சொமந்துக்கிட்டு நான் அங்கன போனா, பெறகு என்னைய யாரு சொமக்கிறது?" சிரித்தாள்.

போன மாதம் நாலு கட்டத்திலும் மூன்று மூன்று ராத்தல். ஐந்தாவதில் கால் ராத்தல். நாலு பேர் ஒன்றாகச் சொல்லும்போது ஒருவன் மாற்றிச் சொன்னால் அவன்தானே பொய்யன்? 'மணல் மூடிவிட்டது, சேர்க்கவில்லை' என்று எழுதி ஐந்தாவதை அடித்துவிட்டான். மணலாவது ஒன்றாவது. சந்தேகம் தீர இன்னொரு தடவை முங்கிப் பார்க்கக்கூட இல்லை.

அவளைத் திட்ட வாய் வரவில்லை. மிளகாய் மூட்டையைச் சந்தைக்கு ஏற்றுமுன், எடை கூட்ட அவன் அம்மா தண்ணீர் தெளிப்பாள். செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். இந்த வேலையில் எடை குறைந்தாலும் கூலி குறையாது என்று இருளம்மாளுக்கு அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவனுக்கே அதில் நம்பிக்கை இருந்ததா?

நாலு கட்டத்தையும் பறித்தான். ஐந்தாவதில் முங்கி முங்கி வழித்ததில் ஒரு கைப்பிடி தேறியது. கரையேறி, மொதலாளியின் பாசிக் கொட்டகையில் வில் தராசைத் தொங்கவிட்டு எடை போட்டான். மூன்றரை, மூன்றேகால், மூன்றரை, நாலு. எல்லாவற்றையும் எழுதினான். ஆமாம், எழுதினான்.

உச்சி வெயிலில் குருநாதன் குடையோடு வந்து சேர்ந்தார். உட்காராமலே நோட்டைப் புரட்டினார்.

"அடேயப்பா! போன மாசமே டெல்லிக்கு எழுதிட்டேன் பூமி, மாசம் ஒரு அறுப்பு தாங்கும்னு. இதைக் காட்டினா அடுத்த கோடைக்கு மூணு பையன்களுக்குப் பணம் கேக்கலாம்."

சீனி முகம்மது சாக்குக் கட்டின் மேலிருந்து எழுந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! அப்ப மாசாமாசம் ஆளு எறக்கலாமா சார்? நான் பயந்துக்கிட்டு ஒரு திட்டுல வருசத்துக்கு ரெண்டு தடவைதான் எறக்குறேன்."

"தாராளமா எறக்குங்க."

வாசலில் நின்ற இருளம்மாள் பூமிநாதனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள், எப்படி நம்ம வேலை என்கிற மாதிரி. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மொதலாளி தேத்தண்ணீர் சொல்லப் போனதும், அவளும் வாசலை விட்டு நகர்ந்ததும், சொல்லிவிட்டான்.

"அந்த நாலும் பொய் சார்."

கல், பெட்டி, போன மாதம், எல்லாவற்றையும் சொன்னான். குருநாதன் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா வெளிய சொல்லுவாளா?"

"மாட்டா சார். ஆனா மாசாமாசம் வழிச்சா அடுத்த வருசம் அவ எதைப் பறிப்பா?"

"ஒரு கட்டத்தை வச்சுக்கிட்டு நான் என்னத்தப்பா எழுதுறது? ரெண்டு மாசம் தூங்குனீங்களான்னு டெல்லிக்காரன் கேப்பான்." அவர் குரல் தணிந்தது. "நீ மூணாம் வருசம் படிக்கணுமா, வேண்டாமா?"

"படிக்கணும் சார்." "இன்னும் ஒரு மாசம் குடுங்க சார். காசு வேண்டாம். நானே காவல் கெடக்கேன்."

"முப்பதாந் தேதிக்குள்ள அறிக்கை போகணும். நான் நாலு மணி வண்டிக்குக் கிளம்பணும்." நோட்டையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினார். "நீயே முடிவு பண்ணு."

நாலு கட்டத்தின் கணக்கையும், இரண்டு மாதத்தையும் சேர்த்து, குறுக்கே அடித்தான். 'மணல் மூடிவிட்டது' என்பதையும் அடித்தான். அந்த இடத்தில் தாள் கிழிந்தது. மிஞ்சியது கால் ராத்தலும் ஒரு கைப்பிடியும்.

குருநாதன் நோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. குடையை விரித்தவர், தேத்தண்ணீரோடு வந்த மொதலாளியிடம் மட்டும் நின்றார். "மாசாமாசம் எறக்காதீங்க. வளரல."

"இப்பத்தானே தாராளமான்னீக?"

குருநாதன் மணலில் இறங்கி நடந்தார்.

இருளம்மாள் ஓடிவந்தாள். "என்ன தம்பி, பணத்தப் பிடிச்சுட்டாகளா?"

"ஆமாக்கா."

"எம்புட்டு?"

"முழுசும்."

"பாவி மனுசன்! நாலு ராத்தல் நின்னுச்சே! நான் போயிக் கால்ல விழுகட்டுமா?"

"வேண்டாம்க்கா. நாளைக்கு எப்ப எறங்குவீக?"

"இன்னைக்கிவிட முக்கா மணி பிந்தித்தேன் தண்ணி வத்தும். எதுக்கு?"

"நானும் பாசி பறிக்க வாரேன். ஊருக்கு வெறுங்கையோட எப்படிப் போக?"

அவள் அவன் விரல்களைப் பார்த்தாள். ஐந்தாவது கட்டத்துக் கல் கீறிய இடங்களில் உப்பு ஏறி வெளுத்திருந்தது.

"கைக்குத் துணி சுத்திக்கிட்டு வா," என்றாள்.