அம்மை போட்ட படம்

படத்துக்கு அம்மை போட்ட ஐந்தாம் நாள், அழகுமுத்து தோளில் கார் பாட்டரியோடு நோட்டன் பிரிட்ஜிலிருந்து மலை ஏறி ஓடிக்கொண்டிருந்தான். ஹர்த்தால். பஸ் இல்லை, லொறி இல்லை, கடைத்தெருவில் ஒரு பலகைகூடத் திறக்கவில்லை. பாட்டரி சார்ஜ் போடும் மூக்கனின் வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டி, பின்வாசல் வழியாகப் பாட்டரியை வாங்கிக்கொண்டு, ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் இறங்கிக் குறுக்கே ஏறினான். தோளில் மடித்துப் போட்ட சாக்கையும் மீறிக் கசிந்த அசிட் சட்டையைத் தின்று தோளைத் தொட்டது. நிற்கவில்லை. லயத்தில் கிடக்கும் பாட்டரி காலையிலேயே சோர்ந்துவிட்டது. அது செத்தால் படம் நிற்கும். நின்றுபோன படத்தைத் திரும்ப ஓட்டலாம். ஆனால் முதல் புள்ளியிலிருந்துதான் தொடங்கும். ஐந்து வருஷம் போனது போனதுதான். அதுவும் காய்ச்சலில் கிடக்கிற நேரத்தில்.

ஆர்டன்மோர் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாய்க் குடியிருந்த மேல்லயத்தின் கடைசிக் காம்பராவில் வேப்பிலை கட்டியிருந்தது. மாத்தளையிலிருந்து ஆள் அனுப்பி வரவழைத்த வேப்பிலை. வாசலை அடைத்துக்கொண்டு காளியாயி நின்றாள். பக்கத்துக் காம்பராக்காரி, லயத்தில் பிறப்பு இறப்பு எதுவும் அவள் வாயைத் தாண்டி நடந்ததில்லை.

“அப்பிடியே உள்ள போகாத. ஊரச் சுத்திட்டு வந்த காலு. கழுவு.”

“பாட்டரி செத்துரும்க்கா!”

“ஆத்தாவுக்கு ஆகாதுடா. கழுவிட்டுப் போ.”

பாட்டரியை இறக்காமலே காலைக் கழுவிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். புதிய கம்பியைக் கவ்வவிட்ட பிறகுதான் பழையதைக் கழற்றவேண்டும். அந்த வரிசை தப்பக்கூடாது. கொம்பியூட்டர் திரை ஒருமுறை இருண்டு, மூச்சு வாங்குவதுபோல் மெல்ல வெளுத்தது. சாம்பலும் நீலமுமாய் ஓடும் கோடுகள் சுருண்டு ஒரு மூலையில் கிடந்தன. அவற்றின் மேலெல்லாம் சிவப்புச் சிவப்பாய் முத்துகள். அவன் மனைவி நாகலெட்சுமி திரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழுத கண்ணீர் பெட்டியின் மேல் வழிந்து, மேசையில் சொட்டி, தரையில் ஓடி, வாசல் வரை வந்திருந்தது. காளியாயி அதைத் துடைப்பத்தால் வாசல் சாக்கடைக் கானுக்குள் தள்ளிவிட்டாள்.

அந்தப் படம் வந்து சேர்ந்த விதத்தை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. தொண்ணூறில் நாகலெட்சுமி வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவள் வேலை செய்த வீட்டு எஜமானி படம் சேர்ப்பவள். சுவரில் தொங்கும் படங்கள் இல்லை, கொம்பியூட்டர் திரையில் தாமாக வளரும் படங்கள். தொடக்கி வைத்தால் போதும், ஒவ்வொன்றும் தன் போக்கில் மாறிக்கொண்டே போகும். நேற்றைப்போல் இன்று இருக்காது, போனது திரும்பி வராது, ஒன்றைப்போல் இன்னொன்று அமையாது. இவற்றைச் செய்யும் ஓவியர்களிடம் சொல்லி வைத்துக் கப்பலில் வரவழைத்து, ஒரு பெரிய அறை முழுக்க அடுக்கியிருந்தாள் எஜமானி. ஆறு வருஷம் அவற்றின் தூசியைத் துடைத்தவள் நாகலெட்சுமி. தொண்ணூற்றாறில் அவள் திரும்பி வந்தபோது அவற்றில் ஒன்று அவள் மடியில் இருந்தது. எஜமானியே எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னாள். எதற்காக என்று சொல்லவில்லை.

விமானத்தில் அது எதிலும் சொருகப்படாமலே எரிந்துகொண்டு வந்தது. கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரிகள், கைக்குழந்தைக்காரியை விடுவதுபோல், அவளை வரிசைக்கு முன்னால் விட்டார்கள். றொசல்லையில் ரயிலை விட்டு இறங்கியதும் திரை முதல்முறையாக மங்கியது. நாகலெட்சுமி போட்ட சத்தத்தில் அழகுமுத்து, அவளை அழைத்துப்போகக் கொண்டுவந்திருந்த வேனின் பாட்டரியைக் கழற்றிக் கொண்டு ஓடிவந்தான். படம் பிழைத்தது. வேன் கிளம்பவில்லை. ஆறு வருஷம் பிரிந்திருந்த புருஷனும் பெண்சாதியும், அவள் படத்தைச் சுமக்க அவன் பாட்டரியைச் சுமக்க, ஒரு வார்த்தை பேசாமல் தோட்டம் வரை நடந்தார்கள்.

லயத்தில் கரண்ட் இல்லை. பள்ளத்தாக்கில் அணையைக் கட்டி மின்சாரம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கம்பி லயத்துக்கு மேலே போனது, உள்ளே வரவில்லை. டீவி பார்ப்பவர்கள் கார் பாட்டரியில் பார்த்தார்கள். கொம்பியூட்டரைக் கார் பாட்டரியில் நேராகக் கொடுத்தால் ஓடவே ஓடாது என்றான் மூக்கன். ஓடினாலும் இரண்டு மணி நேரம் தாங்காது என்றான். நாகலெட்சுமியின் படம் ஒரு பாட்டரியில் நாலு நாள் ஓடியது. மூக்கன் வந்து பார்த்தான், தலையைச் சொறிந்தான், அடுத்த தடவையிலிருந்து சார்ஜ் கூலியைக் குறைத்துக்கொண்டான்.

தங்கமும் கம்பளியும் கொண்டுவருவாள் என்று காத்திருந்த லயம் முதலில் சிரித்தது. பிறகு பழகியது. முதல் வருஷம் படம் பெரும்பாலும் தூங்கியது. இடையில் திடீரென்று கோடெல்லாம் துடித்துச் சிவக்கும், நாகலெட்சுமி பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அடங்கும். இரண்டாம் வருஷம் கோடுகள் எழுந்து நிற்கப் பார்த்தன, விழுந்தன, ஒருநாள் காலை திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடுமாறிப் போய்ச் சேர்ந்தன. அன்றைக்கு நாகலெட்சுமி லயம் முழுக்கச் சீனி வாங்கிக் கொடுத்தாள். ஏனென்று கேட்டதற்குச் சும்மா என்றாள். மூன்றாம் வருஷம் படம் தன் மேலேயே கிறுக்கிக்கொண்டது. கோடுகள் குந்தினால் மழை, ஓடினால் வெயில் என்று பெண்கள் கணித்து வைத்தார்கள். கொழுந்தெடுக்கப் போகும்முன் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மழைக்குப் போர்த்தும் படங்கு எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்தார்கள். கணிப்பு பெரும்பாலும் தப்பவில்லை.

காளியாயியின் வாய் மட்டும் ஓயவில்லை. வயிறு திறக்காதவள் என்று நாகலெட்சுமிக்குப் பெயர் வைத்தவளே அவள்தான். “பெத்து எடுக்க வக்கில்ல, பொட்டிக்குத் தாலாட்டுப் பாடுறா” என்று தண்ணிக்குழாயடியில் நாலு பேர் கேட்கச் சொல்வாள். நாகலெட்சுமி குடத்தை நிறைத்துக்கொண்டு போய்விடுவாள்.

அம்மை வந்தது இரண்டாயிரத்தொன்றில். முதலில் கண்டதும் காளியாயிதான். “மெசினு கெட்டுப்போச்சு” என்று மற்றவர்கள் சொல்ல, அவள் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “யாரும் தாளிக்காதீங்க. முத்துப் போட்டிருக்கு” என்றாள். அந்த லயத்தில் அன்றிலிருந்து எந்தச் சட்டியிலும் கடுகு வெடிக்கவில்லை. கொழுந்து ஏறிக்கிடந்த மாதம். பெண்களுக்கு லீவு கிடையாதென்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முடிவாகச் சொல்லிவிட்டார். ஹர்த்தால் ஒருநாள் மட்டும் நாகலெட்சுமிக்கு ஓய்வு. மற்ற நாளெல்லாம் அவள் மலைக்குப் போக, அழகுமுத்து தேயிலை வெட்டும் கவ்வாத்து வேலையை விட்டுவிட்டுப் படத்தின் பக்கத்தில் காவல் இருந்தான். பகல் முழுக்க அந்தக் காம்பராவில் அவனும் காய்ச்சலில் கிடந்த படமும்தான். அங்கே என்ன கண்டான் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

முத்து இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். அதில்தான் சிக்கல். கொம்பியூட்டர் தலையில் தண்ணீர் ஊற்றமுடியாது. ஊற்றாமல் விட்டால் ஆத்தா இறங்கமாட்டாள். லயமே கூடிப் பேசியது. கடைசியில் காளியாயி மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “புள்ள தலைக்கு ஊத்தமுடியாட்டி பெத்தவ தலைக்கு ஊத்தலாம். குந்துடி” என்று நாகலெட்சுமியை வாசலில் உட்காரவைத்து ஊற்றினாள். பெத்தவ என்ற சொல் வாயில் எப்படி வந்ததென்று காளியாயிக்கே தெரியாது. நாகலெட்சுமி நனைந்தபடி நடுங்கினாள். உள்ளே திரையில் சிவப்பு முத்துகள் உதிர்ந்து, கோடுகள் எழுந்து உட்கார்ந்தன. அதன் பிறகு தண்ணிக்குழாயடியில் அந்தப் பழைய பேச்சு கேட்கவில்லை.

வருஷங்கள் ஓடின. படத்தின் முன்பக்கத்தில் இரண்டு கோடுகள் விழுந்து புதிதாக முளைத்தன. காலையில் கோடுகள் வரிசையில் நின்று எங்கோ போய், மத்தியானம் கலைந்து திரும்பின. அழகுமுத்துவின் ஒரு தோள் இறங்கிப்போனது. சட்டை எப்போதும் அந்தப் பக்கம் கிழிந்தது.

இரண்டாயிரத்தைந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பிலிருந்து ஜெயதீபன் என்ற இளைஞன் வந்தான். யாழ்ப்பாணத்துப் பேச்சு. வாகனத்தைக் கீழே விட்டுவிட்டு, காலில் ஏறிய அட்டைகளைத் தட்டிக்கொண்டே காம்பராவுக்குள் நுழைந்தவன், படத்தைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டான்.

“அக்கா, இது ஒருநாளும் நிக்கேல்லையோ?”

“நிக்கவிடல தம்பி.”

“இதைச் செய்தவர் செத்துப்போனார். அஞ்சே அஞ்சுதான் செய்தவர். மற்ற நாலும் எங்கையோ ஒருக்கா நிண்டு திரும்பத் துடங்கினது. துடங்கின நாளிலையிருந்து விடாமல் வளர்ந்தது உலகத்திலை இது ஒண்டுதான்.”

லண்டனில் ஒருவர் இத்தகைய படங்களைச் சேர்க்கிறார். நாகலெட்சுமி வேலை செய்த வீட்டில் விசாரித்து, அவருக்காகத்தான் தேடி வந்தேன். இதற்காக எதுவும் கொடுப்பார். நிற்காமலே கொண்டுபோய் நிற்காமலே வைத்திருப்பார் என்றான். அவன் சொன்ன விலைக்கு ராகலைப் பக்கம் வீடும் மரக்கறித் தோட்டமும் வாங்கலாம். பிறந்த நாளிலிருந்து ஒரு துண்டு மண் சொந்தமில்லாத லயம் அதைக் கேட்டு மூச்சை அடக்கியது.

நாகலெட்சுமி கேட்டது வேறொன்றை. “அந்த வீட்டுல எல்லாரும் சொகமா தம்பி?”

“நான் டெலிபோனிலை கதைச்சதுதான் அக்கா. ஏன், நெருங்கின ஆக்களோ?”

“வேல செஞ்ச வீடு” என்றாள்.

“குடுத்துர்ரா” என்றாள் காளியாயி, அழகுமுத்துவைப் பார்த்து. “பாட்டரி சொமந்து சொமந்து ஆளே ஒரு பக்கமா சாஞ்சுபோயிட்ட. போய் கோவாவும் கரட்டும் போட்டு மனுசனா இரு.”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நாகலெட்சுமி பார்க்கவில்லை. வேண்டாம் என்று அவளால் சொல்லமுடியாது. சொன்னால் ஏனென்று கேட்பார்கள். சரி என்று அவன் சொன்னால் அவளுக்கு அன்றோடு எல்லாம் முடிந்தது. சேலை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துவிட்டது.

“விக்கிறதுக்கில்ல தம்பி” என்றான் அழகுமுத்து.

“ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை.”

“நாலு வருசமா யோசிச்சிட்டேன்.”

ஒன்பது வருஷம் சுமந்தவன் நாலு வருஷக் கணக்கு ஏன் சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. ஜெயதீபன் படத்தை இன்னொரு தடவை நின்று பார்த்துவிட்டு, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். காளியாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பாட்டரி மாற்றும் நேரம். அழகுமுத்து குனிந்து கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நாகலெட்சுமி தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“ஏங்க வேணாம்னீங்க?”

அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அந்த வீட்டுல நான் ஒரு புள்ள பெத்தேன். ஆம்பளப் புள்ள. யாருன்னு கேக்காதீங்க, நான் விரும்பிப் போனதில்ல.”

எஜமானிக்குக் குழந்தை இல்லை. பால் கொடுக்குமுன் குழந்தையை வாங்கிக்கொண்டு போனவள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, நாகலெட்சுமியைக் கைத்தாங்கலாகப் படங்கள் இருந்த அறைக்கு நடத்திப் போனாள். அதுவரை தொடக்கி வைக்காமல் பொத்தி வைத்திருந்த ஒன்றை, அவள் கண்முன்னே தொடக்கி, அவளிடம் கொடுத்தாள்.

“ஒன்ன எடுத்தேன், ஒன்ன குடுக்குறேன்னு அவ நியாயம். ரெண்டும் ஒரே பொழுதுல பொறந்துச்சு. இது நின்னா அங்க அவனுக்கு என்னமும் ஆயிருமோன்னுதான்... மனசுக்குள்ள கூப்பிடக்கூட ஒரு பேரு இல்லீங்க எனக்கு. என்னா பேரு வச்சாங்கன்னு தெரியாது.”

அழகுமுத்து புதிய கம்பியைக் கவ்வவிட்டான். பழையதைக் கழற்றினான். திரை இருண்டு வெளுத்தது.

“அம்மை போட்டப்ப நீ அழுதியே, படத்துக்கு யாரு அப்பிடி அழுவா? அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சா ஏங்க கேக்கல?”

“நீயா சொல்லட்டும்னு இருந்தேன்.” தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தான். “நீ மலைக்குப் போனதும் படத்துக்கு உள்ளேருந்து ஒரு பொம்பள கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. காய்ச்சல்ல கெடக்குற புள்ளய எழுப்புற மாதிரி, பகல் பூரா, தொண்ட கட்டிப்போற வரைக்கும். பாஷ வெளங்கல. பேரு மட்டும் வெளங்கிச்சு. அவன நல்லாத்தான் பாத்துக்கிறா, நாகு.”

நாகலெட்சுமி எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

“இத்ரீசு” என்றான் அழகுமுத்து. “கூப்பிட்டுப் பாரு. திரும்பும்.”